எட்டு மணி நேரப் பொருளாதாரம்

2024 மார்ச் மாத இறுதியில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் சாவோ டோமே என்ற சிறு தீவு சில நாள்கள் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. 'நார்வேஜியன் டான்' என்ற சொகுசுக் கப்பலில் அங்கு வந்த எட்டுப் பயணிகள், கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யாத தனியார் சுற்றுலா ஒன்றில் தீவைப் பார்க்கச் சென்றனர். அவர்கள் திரும்பியபோது குறித்த நேரம் கடந்துவிட்டது. கப்பல் நங்கூரத்தை எடுக்கவில்லை. கடலோரக் காவல் படையினர் படகில் ஏற்றிக் கப்பலுக்கு அருகே கொண்டு சென்றும், அவர்கள் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. பின்னர் பல நாடுகளைக் கடந்து காம்பியாவுக்குச் சென்றனர். அங்கே கப்பலால் கரையணைய முடியவில்லை. கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் அவர்களால் கப்பலைப் பிடிக்க முடிந்தது.

கப்பல் தலைவர் இரக்கமற்றவரா, பயணிகள் பொறுப்பற்றவர்களா என்ற விவாதம் பல நாள் நடந்தது. ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்து செல்லும் கப்பல் எட்டுப் பேருக்காக அட்டவணையைக் குலைக்க முடியாது என்பதும் நியாயம். கண்ணெதிரே நிற்கும் கப்பலில் ஏற்ற மறுத்தது கொடுமை என்பதும் நியாயம். நெடுங்காலம் பொருளியல் கற்பித்த எனக்கு, இந்தச் சச்சரவுக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத ஒரு விதிதான் முக்கியமாகத் தோன்றியது.

கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். அல்லது நிறுவனம் தன் செலவில் அவர்களை அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கும். தாங்களாகவே டாக்ஸியோ வாடகைக் காரோ எடுத்துச் சென்றவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பெரிய நிறுவனங்கள் அனைத்தும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பார்வைக்கு இது ஒழுங்கை நிலைநாட்டும் எளிய விதி. ஆனால், பயணி கரையில் செலவிடும் பணத்தில் எவ்வளவு தீவிலேயே தங்கும், எவ்வளவு மீண்டும் கப்பலேறும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் பலரை இப்போது பிள்ளைகள் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் பயணம் அழைத்துச் செல்கின்றனர். பயணச்சீட்டு வாங்கியவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்தத் தீவில் என்ன பார்ப்பது, கப்பல்காரர்களின் சுற்றுலாவை வாங்குவதா, கார் எடுத்துக்கொண்டு நாமே சுற்றுவதா என்பதுதான். இதைக் குடும்பக் கணக்காகவே முதலில் பார்ப்போம்.

காலை 8 மணிக்குக் கப்பல் வந்து மாலை 4 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணை சொல்லும். இந்த எட்டு மணி நேரமும் பயணியின் கைக்கு வருவதில்லை. துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்த பிறகே இறங்க முடியும். புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது அரை மணி முன்பாகக் கப்பலில் இருக்க வேண்டும். கேமன் தீவுகளின் ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் பெரிய கப்பல் அணையும் மேடை கிடையாது. நடுக்கடலில் நின்று, சிறு படகுகளில் தவணை தவணையாக ஆள்களை இறக்குவார்கள். கார் வாடகை நிலையம் துறைமுக வாயிலில் இல்லாமல் விமான நிலையத்தில் இருந்தால் போகவர இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும். எல்லாம் கழித்து ஐந்து மணி நேரம் மிஞ்சினால் பெரிது.

இதில் கடிகாரமும் ஏமாற்றக்கூடும். மெக்சிகோவின் கோசுமெல் தீவு அமைந்துள்ள கின்டானா ரோ மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, புளோரிடா தள்ளுகிறது. அதனால் கோடையில் மயாமி நேரத்தையே வைத்திருக்கும் கப்பலுக்கும், தீவின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும் கைப்பேசிக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் ஏற்படும். கைப்பேசியை நம்பியவர் கரையிலேயே நிற்க நேரிடும். பழைய பிரிட்டிஷ் ஆட்சித் தீவுகளான பார்படோஸ், செயின்ட் லூசியா, ஆன்டிகுவா முதலியவற்றில் வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம் ஓடுகின்றன. அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளிலும் அப்படியே. அமெரிக்காவிலேயே ஓட்டிப் பழகியவருக்கு அங்கு கார் எடுப்பது சோதனைதான். பார்படோஸில் வெளிநாட்டவர் ஓட்டுவதற்குத் தனி அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் மேலே, தாமதமானால் கப்பல் போய்விடும் என்ற அச்சம். ஆக, கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் இரண்டு பொருள்கள் ஒரே விலையில் கட்டித் தரப்படுகின்றன. ஒன்று, கடற்கரையோ அருவியோ பார்க்கும் வாய்ப்பு. மற்றொன்று, கப்பலைத் தவறவிடாமல் இருப்பதற்கான காப்பீடு. முதல் பொருளைத் தீவில் உள்ள எந்த ஓட்டுநரும் மலிவாகத் தர முடியும். இரண்டாவது பொருள் கப்பலை வைத்திருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது. ஏகபோகம் என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான். போட்டி உள்ள பொருளோடு போட்டியில்லாத பொருளைச் சேர்த்துக் கட்டினால், விலை முழுவதும் ஏகபோக விலையாகிவிடும்.

விளைவைத் தீவு அனுபவிக்கிறது. கப்பலில் விற்கப்படும் சுற்றுலாவை நடத்துபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரரே. ஆனால், பயணி கொடுக்கும் விலையில் பாதி அளவுக்குக்கூடக் கப்பல் நிறுவனம் தன் பங்காக எடுத்துக்கொள்வதுண்டு என்று இத்துறை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிவருகின்றனர். பெரிய கப்பல் நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணச்சீட்டுக்கு அப்பாற்பட்ட மதுபானம், சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா போன்றவற்றிலிருந்து வருகிறது. கரீபியனில் ஒரு பயணி ஒரு துறைமுகத்தில் செலவிடுவது சராசரியாக 100 டாலர் அளவில் என்று அத்தொழிலுக்காக நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளே கூறுகின்றன. அதிலும் ஒரு பகுதி வெளியேறிவிட்டால், குப்பையும் நெரிசலும் குடிநீர்ச் செலவும்தான் தீவுக்கு முழுதாக மிஞ்சும்.

இந்த நிறுவனங்களிடமிருந்து வரியாக வாங்கலாமே என்றால் அதுவும் எளிதன்று. தலைமை அலுவலகங்கள் மயாமி வட்டாரத்தில் இருந்தாலும், கார்னிவல் பனாமாவிலும், ராயல் கரீபியன் லைபீரியாவிலும், நார்வேஜியன் பெர்முடாவிலும் பதிவானவை. உலகச் சொகுசுக் கப்பல் சந்தையின் பெரும்பகுதி இம்மூன்று குழுமங்களின் கையில் இருக்கிறது. கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியைத்தான் பறக்கவிடுகின்றன. வரியும் ஊதியச் சட்டமும் எங்கே இலகுவோ அங்கே கொடி. பயணிகள் எங்கே கூடுகிறார்களோ அங்கே அலுவலகம்.

இந்த நிலைக்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல்கள் இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குச் சுற்றிவரும் கப்பல்கள் மெக்சிகோவின் என்செனாடாவை எட்டிப்பார்த்துவிட்டு வருவது இதனால்தான். அமெரிக்கக் கொடி தாங்கிய 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' என்ற ஒரே பெரிய கப்பல் மட்டும் ஹொனலுலுவிலிருந்து புறப்பட்டு ஏழு நாள் தீவுகளுக்குள்ளேயே சுற்றுகிறது. மௌயி தீவின் கஹுலுயியிலும் கவாய் தீவின் நவிலிவிலியிலும் அது ஓர் இரவு தங்குகிறது.

ஓர் இரவு தங்குவதால் என்ன மாறிவிடும்? மௌயியின் ஹாலேயகலா மலை 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதன் உச்சியில் சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியவுடன் கிளம்ப வேண்டும். காலை 8 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குப் போகும் கப்பலின் பயணிக்கு அது கனவு. இரவு தங்கும் கப்பலின் பயணிக்கு முன்பதிவும் ஒரு காரும் போதும். அவர் வழியில் காப்பி குடிப்பார், திரும்பும்போது சிற்றூர்க் கடையில் சாப்பிடுவார், எரிபொருள் நிரப்புவார், வாடகைக் காருக்கு நாள் கணக்கில் ஹவாய் அரசு விதிக்கும் தனி வரியையும் செலுத்துவார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரம் கூடக் கூட அச்சத்தின் விலை குறைகிறது. அச்சத்தின் விலை குறைந்தால் செலவு கரையில் பரவுகிறது.

வாடகைக் காரை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டியதில்லை. 2020இல் கொள்ளைநோயால் பயணம் நின்றபோது, வாடகை நிறுவனங்கள் ஹவாயில் இருந்த கார்களை விற்றும் கப்பலேற்றி அனுப்பியும் குறைத்தன. 2021இல் பயணிகள் திரும்பியபோது கார் கிடைக்கவில்லை. வாடகை பல மடங்கு ஏறியது. வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளை வாடகைக்கு எடுத்துக் கடற்கரைக்குப் போனார்கள் பயணிகள். தீவில் ஓடும் வண்டி தீவுக்குச் சொந்தமாக இல்லாவிட்டால், அதன் இருப்பையும் விலையையும் தொலைவில் இருப்பவர்களே முடிவு செய்வார்கள் என்பது அந்த ஆண்டின் பாடம். குறுகிய மலைச்சாலைகள் உள்ள சிறிய கரீபியன் தீவுகளில், பயணி தானே ஓட்டுவதைவிட ஓட்டுநருடன் கூடிய உள்ளூர் வண்டிதான் பாதுகாப்பானது. ஒரு குடும்பத்துக்கு நேரடி வருமானமும் ஆகும்.

அப்படியானால் தீவுகள் ஏன் நீண்ட நேரத்தையும் நியாயமான கட்டணத்தையும் கேட்டுப் பெறவில்லை? கேட்டன. 1999இல் கிரெனடா, உலக வங்கி உதவியுடனான குப்பை மேலாண்மைத் திட்டத்துக்காகப் பயணி ஒருவருக்கு 1.50 டாலர் விதித்தது. கார்னிவல் தன் கப்பல்களை அங்கு அனுப்புவதை நிறுத்தியது. 1990களில் கரீபியன் நாடுகள் கூடி, தலைக்குக் குறைந்தது 10 டாலர் எல்லோரும் ஒன்றுபோல் வாங்குவது என்று பேசின. அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. கைதிகளின் இக்கட்டு என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து நின்றால் எல்லோருக்கும் ஆதாயம். ஆனால், பக்கத்துத் தீவு விலையைக் குறைத்துக் கப்பலைத் தட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே குறைக்கிறார்கள். பாடநூலில் வரும் இரண்டு கைதிகளைவிட இந்தத் தீவுகள் பொருத்தமான உதாரணம். கப்பலுக்குச் சக்கரம் இல்லாவிட்டாலும் திசை மாற்றும் சுக்கான் உண்டு. தீவுக்கு அது கிடையாது.

அண்மைக் காலத்தில் காற்று சற்றே மாறி வீசுகிறது. மெக்சிகோ பயணி ஒருவருக்கு 42 டாலர் என்று முடிவெடுத்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜூலையில் 5 டாலரில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது என்று உடன்பட்டது. ஹவாய் 2025இல் இயற்றிய சட்டம், தங்கும் விடுதிகளுக்கான வரியைக் கப்பல் பயணக் கட்டணத்துக்கும், துறைமுகத்தில் நிற்கும் நாள்களின் விகிதத்தில், 11 சதவீதமாக விரித்தது. பருவநிலை மாற்றத்தின் சேதங்களைச் சமாளிக்க நிதி திரட்டுவது அதன் நோக்கம். கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. கேமன் தீவுகளில் 2025 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில், பெரிய கப்பல்களுக்கு அணையும் மேடை கட்டும் யோசனையை மக்கள் நிராகரித்தனர். அதிகக் கப்பல் என்றால் அதிக வளம் என்ற பழைய சமன்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஊரோடு பேரம் பேசுவதைவிட ஊரே இல்லாத கரையை உருவாக்கிக்கொள்வது எளிது என்று கண்டுகொண்டுள்ளன. ராயல் கரீபியனின் கோகோ கே, டிஸ்னியின் காஸ்டவே கே, எம்எஸ்சியின் ஓஷன் கே எல்லாம் பஹாமாஸ் நாட்டில் நிறுவனங்களே நடத்தும் தனித் தீவுகள். கார்னிவல் 2025 ஜூலையில் அதே நாட்டின் கிராண்ட் பஹாமா தீவில் தனக்கென 'செலிப்ரேஷன் கீ' என்ற கடற்கரை வளாகத்தைத் திறந்தது. இத்தகைய தனித் தீவில் டாக்ஸிக்காரர் இல்லை, வாடகைக் கார் இல்லை. இறங்கிய பயணி செலவிடும் பெரும்பகுதி கப்பல் நிறுவனத்தின் கல்லாவுக்கே திரும்புகிறது. 2024இல் பஹாமாஸுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான பயணிகள் வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கடல்வழி வந்தவர்கள். எண்ணிக்கை அவர்களுடையது, ஆனால், நாட்டின் சுற்றுலா வருவாயைத் தூக்கி நிறுத்துவோர் விமானத்தில் வந்து விடுதியில் தங்கும் சிறுபான்மையினரே.

நிறுவனங்களின் தரப்பிலும் சொல்ல உண்டு. விடுதிகள் கட்ட முதலீடு இல்லாத தீவுகளுக்கும் அவை கூட்டத்தைக் கொண்டு வருகின்றன. துறைமுகங்களில் அவற்றின் பணம் முதலீடாக இருக்கிறது. ஒரு நாள் பார்த்துப் பிடித்துப்போனவர் பின்னொரு நாள் ஒரு வாரம் தங்க வரக்கூடும். இவை பொய்யல்ல. தீவுக்காரர் எவரும் கப்பலே வர வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதும் இல்லை. வருபவரின் நேரத்தையும் பணத்தையும் யார் ஆள்வது என்பதே அவர்களின் கேள்வி.

இதற்குத் தீவுகள் செய்யக்கூடியவை என எனக்குப் படுவன மூன்று. முதலாவது, காப்பீட்டைக் கப்பலிடமிருந்து பிரிப்பது. தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்போம் என்ற உறுதியைச் சில தனியார் சுற்றுலா நிறுவனங்கள் ஏற்கெனவே தருகின்றன. அதையே துறைமுக நிர்வாகமும் ஓட்டுநர் சங்கமும் சேர்ந்து, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறு தொகை ஒதுக்கிப் பொது நிதியாகச் செய்யலாம். அனுமதி பெற்ற உள்ளூர் வண்டியில் ஏறியவர் கப்பலைத் தவறவிடுவது அரிது. அப்படித் தவறுபவருக்கு நிதி பொறுப்பேற்கும். அச்சம் நீங்கினால் ஏகபோகமும் தளரும்.

இரண்டாவது, கட்டணத்தை நேரத்தோடு இணைப்பது. இரவு தங்கும் கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகை, ஐந்தாறு மணி நேரத்தில் ஓடிவிடும் கப்பலுக்குக் கூடுதல் கட்டணம் என்று வைத்தால், தலைகளை எண்ணும் பழக்கம் மாறி மணி நேரத்தை எண்ணும் பழக்கம் வரும். மூன்றாவது, கூட்டாகப் பேசுவது. இதுதான் கடினம். கிரெனடாவின் 1.50 டாலர் தோற்றது தொகை பெரிதென்பதால் அன்று. அது தனியாக நின்றதால்.

இவை தொலைதூரத் தீவுகளின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த 'குரூஸ் பாரத்' இயக்கம், 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இலக்கு வைத்துள்ளது. இலக்கு தலைக் கணக்கில் இருக்கிறது. காங்கேசன்துறையில் இறங்குபவர் யாழ்ப்பாணத்து வண்டிக்காரருக்கும் உணவுக்கடைக்கும் எத்தனை ரூபாய் விட்டுச் செல்கிறார், கரையில் அவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற கணக்கும் அதனுடன் சேர வேண்டும். குடிநீர் அருமையான லட்சத்தீவுகளுக்கு இது இன்னும் பொருந்தும். கரீபியன் அரை நூற்றாண்டில் கற்றதை நாம் முதல் ஆண்டுகளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பயணிக்கும் இதில் பங்குண்டு. தொலைவான அருவி, படகு மாறிச் செல்லும் இடம், ஒரே சாலை கொண்ட மலைப்பகுதி என்றால் கப்பலின் சுற்றுலாவை வாங்குவது விவேகம். அங்கே காப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. துறைமுகத்திலிருந்து அரை மணி தொலைவில் உள்ள கடற்கரைக்கும் கோட்டைக்கும் சந்தைக்கும் அந்தக் காப்பீடு தேவையில்லை. அங்கே துறைமுக வாயிலில் நிற்கும் அனுமதி பெற்ற ஓட்டுநரிடம் விலையை முன்கூட்டியே பேசி, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடலாம். எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே முடிவு எடுப்பதுதான் வீண் செலவு.

கப்பலில் வருபவருக்கு ஒரு தீவு என்பது பயணத்தில் ஒரு பகல். தீவில் இருப்பவருக்கோ, அந்தப் பகலில் சம்பாதித்ததை வைத்துத்தான் கப்பல் வராத மாதங்களையும் ஓட்ட வேண்டும். பேரம் பேசும் மேசையில் இரு தரப்பும் அமரும்போது, பயணிகளின் எண்ணிக்கைக்கு முன்பாக அந்த மணி நேரங்கள் பேசப்பட வேண்டும்.